டிஸ்க் வளையலைங்க

போன தடவை மல்லிகைக்குக் கவாத்து பண்றதைப் பத்தி எழுதினேன். அடுத்தது மஞ்சள் எழுதறேன்னு சொல்லியிருந்தேன். மஞ்சள் இன்னும் வெட்டி முடியல. அதுக்கு நடுவுல எங்க ஊட்டு வண்டியைப் பத்தி ஒரு விசயம் எழுதிடறேன். டவுன்ல கார் வச்சிருக்கறவங்க யாருக்காவது பிரேக் புடிச்சா ஸ்டீயரிங் நடுங்குதுன்னா, அவங்களுக்கு இது பயன்படும்.

எங்க வண்டி ஏழு பேர் உட்காரற டீசல் வண்டி. பழசா வாங்கினதுதான், 2016-ல. முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பின்னாடி டிரம். கிராமத்துல குடும்ப வண்டின்னா அது குடும்பத்தை மட்டும் ஏத்தற வண்டி இல்லீங்க. விடியக்காலம் நாலு மணிக்கு மல்லிகைப் பூவை எடுத்துக்கிட்டு சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் போகும். பகல்ல பின்சீட்டை மடிச்சுட்டு புண்ணாக்கு மூட்டை, உர மூட்டை ஏத்தும். பக்கத்து ஊட்டு அம்மாவுக்கு ராத்திரி நெஞ்சு வலின்னா ஆஸ்பத்திரிக்கு அதுதான் போகும். அறுவடை நேரத்துல ஆளுகளுக்கு சோத்துப் போசி கூட அதுலதான் போகுது. வாய்க்கால் ஓரத்துச் சேறும் தண்ணியும் தினமும் சக்கரத்துல அடிக்கும். இதை ஞாபகத்துல வச்சுக்கங்க, பின்னால இந்தச் சேறுதான் கதையில வருது.

மூணு வருசத்துக்கு முந்தி பெரிய பொண்ணை தாளவாடிப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை ஊட்டுல உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பூண்டு, ராகி வெள்ளாமை. நல்ல குடும்பம். ஆனா போகணும்னா பண்ணாரி தாண்டி திம்பம் மலை ஏறணும். 27 கொண்டை ஊசி வளைவு. அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வளைவுலயும் எதிர்ல லாரி வருதா, யானை நிக்குதான்னு பார்த்துப் பார்த்துத்தான் போகணும். ஏதாவது ஒரு வளைவுல லாரி திரும்ப முடியாம நின்னுபோச்சுன்னா அரை நாள் அங்கயேதான். மாசத்துக்கு ரெண்டு தடவையாவது நாங்க ஏறி இறங்கறோம்.

கல்யாணம் முடிஞ்சு ஒரு வருசம் கழிச்சுத்தான் இந்த நடுக்கம் ஆரம்பிச்சுது. முதல்ல லேசா. கோவை ரோட்டுல 80-ல போயிட்டு பிரேக்கை மிதிச்சா ஸ்டீயரிங் ரெண்டு பக்கமும் கையில தட்டற மாதிரி இருக்கும். அப்புறம் 60-லயே ஆரம்பிச்சுது. கடைசியில மலை இறங்கறப்ப பிரேக் பெடலே காலுக்கடியில துடிக்கும். சும்மா ஓடறப்ப ஒண்ணும் இருக்காது. பிரேக்குல கால் வச்சாத்தான்.

டவுன்ல நான் வழக்கமா விடற ஒர்க்ஷாப்புல காட்டினேன். பார்த்துட்டு, "டிஸ்க் வளைஞ்சு போச்சுங்க" அப்படின்னாங்க. டிஸ்க், பேடு, கூலி எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய். மாத்தின உடனே வண்டி வெண்ணெய் மாதிரி நின்னுச்சு. நாலு மாசம். திரும்ப நடுக்கம். மறுபடி போனேன். இந்தத் தடவை டிஸ்க்கை லேத்துல கொடுத்துத் தேய்ச்சு, பேடு மட்டும் புதுசு போட்டாங்க. 3,200. நாலு மாசம்கூட ஆகல, திரும்ப அதே. மூணாவது தடவை மறுபடி புது டிஸ்க், மறுபடி 8,500. ஒண்ணரை வருசத்துக்குள்ள 20,200 ரூபாய் அந்த ரெண்டு இரும்புத் தட்டுக்கே போச்சு. மூணு ஏக்கர் வச்சிருக்கறவனுக்கு அது சின்னக் காசு இல்லீங்க.

காசைக்கூட விடுங்க. மூணாவது தடவை மாத்தி நாலு மாசத்துல நடுக்கம் வந்து போய் நின்னப்ப, அங்க இருந்த பெரிய மெக்கானிக் என் ஊட்டுக்காரி பக்கத்துல நிக்கறப்பவே சொன்னார்: "ஐயா, வண்டியில கோளாறு ஒண்ணும் இல்ல. நீங்க மலையில பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கறீங்க. சூட்டுல டிஸ்க் வளையுது. ஓட்டற முறையை மாத்துங்க. இல்லைன்னா நாலு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டேதான் இருக்கணும்."

எனக்கு 56 வயசுங்க. 18 வயசுல இருந்து டிராக்டர் ஓட்டறேன். அதுக்கு முந்தி எங்கய்யன்கூட மாட்டு வண்டியில போவேன். அந்த வண்டியில சக்கரத்துக்குப் பின்னால குறுக்கால ஒரு கட்டை இருக்கும். இறக்கத்துல கயித்தை இழுத்தா கட்டை பட்டா மேல உரசி வேகத்தைக் குறைக்கும். ஆனா எங்கய்யன் கட்டையை நம்பி இறக்கத்துல விடமாட்டார். மாடு நிதானமா இறங்கற மாதிரி முதல்லயே பழக்கி வச்சிருப்பார். டிரெயிலர்ல கரும்பு ஏத்திக்கிட்டு இறங்கறப்பவும் எனக்கு அதே பாடம்தான்: எந்த கியர்ல ஏறினயோ அந்த கியர்ல இறங்கு, இஞ்சின் புடிச்சுக்கும், பிரேக்கை வளைவுக்கு முந்தி அழுத்திப் புடிச்சு உடனே விட்டுடு. திம்பத்துல நான் ரெண்டாவது கியருக்கு மேல இறங்கினதே இல்லை. இதை அவர்கிட்ட சொன்னேன். சிரிச்சார். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" அப்படின்னுட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டார்.

அன்னைக்கு வர்ற வழியில ஊட்டுக்காரி ஒண்ணும் பேசல. ஊடு வந்து இறங்கறப்பத்தான், "ஏனுங்க, பொண்ணைப் பார்க்க நான் பஸ்ஸிலயே போய்க்கறனுங்க" அப்படின்னா. கோபமாச் சொல்லல. பயந்துதான் சொன்னா. அப்ப பொண்ணுக்கு அஞ்சாவது மாசம். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சு தலைப்பிரசவத்துக்கு எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டு வரணும். அந்த 27 வளைவுலயும் அவளை உட்கார வச்சு இறக்கிக் கொண்டு வரவேண்டியது நான். பெடல் துடிக்கற வண்டியில அதை எப்படிச் செய்யறது? வண்டியை வித்துடலாமான்னுகூட யோசிச்சேன்.

அப்பத்தான் என் மகன் சொன்னான், மலையடிவாரத்துல ஒரு தம்பி செட்டு போட்டிருக்கான்னு. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஆறு வருசம் இருந்துட்டு ஊருக்கு வந்தவன். பெரும்பாலும் ரொட்டவேட்டர், சரக்கு ஆட்டோ, பால் வண்டி வேலைதான் அவனுக்கு. தகர செட்டு, போர்டுகூட இல்லை.

அவன் முதல்ல ஸ்பேனரையே எடுக்கல. கேள்வி கேட்டான். "எத்தனை வேகத்துல நடுங்குதுங்ணா? ஸ்டீயரிங்லயா, பெடல்லயா, சீட்டுக்கு அடியிலயா?" ஸ்டீயரிங்ல வந்தா முன் சக்கரம், சீட்டுலயும் பாடியிலயும் மட்டும் வந்தா பின் டிரம்மைப் பார்க்கணும்னான். "பிரேக் புடிக்காம போறப்பவும் நடுங்குதுங்களா?" இல்லைன்னேன். "அப்பிடின்னா வீல் பேலன்சிங் இல்லீங்ணா." அப்புறம் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி, அதை இந்த ஒண்ணரை வருசத்துல யாரும் கேட்கல: "புது டிஸ்க் போட்டு முதல் தடவை மலை இறங்கினதும் நடுங்குச்சுங்களா, இல்ல மாசக்கணக்குல மெதுவா வந்துச்சுங்களா?"

மெதுவாத்தான் வந்துச்சு. மூணு தடவையும் நாலு மாசம், அஞ்சாயிரம் கிலோமீட்டர் வாக்குல. மாத்தின முதல் வாரத்துலயே மலை ஏறி இறங்கியிருக்கேன், ஒண்ணும் ஆகல.

"சூட்டுல வளையறதா இருந்தா சூடான அன்னிக்குத் தெரியணுங்ணா. நாலு மாசம் கழிச்சு ஏன் தெரியுது?" அப்படின்னான்.

சக்கரத்தைக் கழட்டிட்டு, வீல் நட்டைத் திரும்பப் போட்டு டிஸ்க்கை ஹப்போட இறுக்கினான். அப்புறம் ஒரு டயல் கேஜ் கொண்டு வந்தான். கடிகாரம் மாதிரி வட்டமா இருக்கும், ஒரு கோடு நகர்ந்தா ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு. அதோட முனையை டிஸ்க் மேல வச்சுட்டு டிஸ்க்கைக் கையால மெதுவாச் சுத்தினான். முள் ஒரு பக்கம் போய் ஒரு பக்கம் வந்துச்சு. இடது பக்கம் 0.14 மில்லிமீட்டர் ஆட்டம். 0.05-க்குள்ள இருந்தா நல்லது, 0.1-ஐத் தாண்டினா பெரும்பாலான வண்டியில தொந்தரவு வரும்னு சொன்னான். நம்ம தலைமுடி கனமே 0.05-ல இருந்து 0.1 வரைக்கும்தான் இருக்குமாம். ஒரு முடி கனம் ஆடினாலே வண்டிக்குத் தெரியுதுன்னா எனக்கு நம்பறதுக்குக் கஷ்டமா இருந்துச்சு.

"வளைஞ்சுதான் போயிருக்கு போல" அப்படின்னேன். அவன் டிஸ்க்கைக் கழட்டி கையில கொடுத்து, "வாங்க, லேத்துல கட்டிப் பார்த்துடலாம்" அப்படின்னான். பக்கத்துலயே லேத் பட்டறை. அங்க கட்டிச் சுத்தி அதே கேஜை வச்சா, 0.03-க்குள்ள நிக்குது. வண்டியில 0.14 ஆடின அதே டிஸ்க். அப்ப டிஸ்க் வளையல. உட்கார்ந்த இடம் சரியில்லை.

திரும்ப வந்து ஹப்பைக் காட்டினான். டிஸ்க் போய் உட்கார்ற இரும்பு முகத்துல துரு செதில் செதிலா ஒட்டியிருந்துச்சு. வாய்க்கால் சேறும் தண்ணியும் பல வருசமா வேலை பார்த்திருக்கு. மூணு தடவையும் புது டிஸ்க்கை அந்தத் துரு மேலயேதான் வச்சு முடுக்கியிருக்காங்க. ஒரு பக்கம் ஒரு செதில் 0.05 இருந்தா, ஹப்பு சின்ன வட்டம், டிஸ்க் பெரிய வட்டம், அதனால ஓரத்துல அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா ஆகுது. முக்காலியில ஒரு காலுக்கடியில சின்னக் கல்லு இருந்தா மேல உட்கார்றவனுக்கு எவ்வளவு சாயும், அந்த மாதிரி.

அப்ப நாலு மாசம் எதுக்குன்னு கேட்டேன். அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பதில்.

சாய்ஞ்சு உட்கார்ந்த டிஸ்க் சுத்தறப்ப, நாம பிரேக்கைத் தொடாட்டியும், அதோட துருத்தின இடம் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை பேடை லேசா உரசும். எங்க வண்டி டயர் ஒரு சுத்துக்கு 2.2 மீட்டர் ஓடுது. கிலோமீட்டருக்கு 450 சுத்து. அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு இருபத்திரெண்டரை லட்சம் சுத்து. இருபத்திரெண்டரை லட்சம் தடவை அதே இடத்துல உரசினா அந்த இடம் மட்டும் தேய்ஞ்சு மெலிசாகுது. இப்ப டிஸ்க் ஒரே கனம் இல்லை. பிரேக்கை மிதிச்சா கனமான இடம் வர்றப்ப பேடு தள்ளப்படுது, மெலிசான இடம் வர்றப்ப விடுபடுது. அதுதான் பெடல்லயும் ஸ்டீயரிங்லயும் துடிப்பா வருது. 80-ல போறப்ப சக்கரம் நொடிக்குப் பத்து சுத்து, நொடிக்குப் பத்து உதறல். அவன் மைக்ரோமீட்டர்ல டிஸ்க்கோட கனத்தை எட்டு இடத்துல அளந்து ஒரு அட்டையில எழுதிக் காட்டினான். அதிகமும் குறைச்சலும் 0.03 வித்தியாசம். 0.02 வித்தியாசமே கைக்குத் தெரிஞ்சுடும்னான்.

புது டிஸ்க் போட்ட உடனே நல்லா இருக்கறதும் இதனாலதான். புதுசுல கனம் ஒரே மாதிரி இருக்கும், ஆட்டம் இருந்தாலும் துடிப்பு தெரியாது. தேய்ஞ்சு வித்தியாசம் உண்டாக நாலு மாசம் ஆகுது. ஒர்க்ஷாப்புக்காரங்க கண்ணுக்கு அவங்க செஞ்ச வேலை சரி, நல்லாத்தான் அனுப்பினாங்க. நாலு மாசம் கழிச்சு வர்றவன் ஏதோ தப்பா ஓட்டியிருக்கான்.

நம்ம தோட்டத்துல இதே மாதிரி ஒண்ணு இருக்குங்க. எங்க கெணத்துல முந்தி மோட்டாரும் பம்பும் தனித்தனியா கப்ளிங்ல சேர்த்த செட்டு இருந்துச்சு. ரெண்டு தண்டும் ஒரே கோட்டுல இல்லைன்னா நடுவுல இருக்கற ரப்பர் புஷ் தேய்ஞ்சு போகும். புஷ்ஷை மாத்தினா ஒரு மாசம் சத்தமில்லாம ஓடும், திரும்ப கடகடன்னு ஆரம்பிக்கும். புஷ் மட்டமான சரக்குன்னு கடைக்காரனைத் திட்டறவங்க உண்டு. மோட்டாருக்கு அடியில ஒரு தகடு வச்சு மட்டம் பண்ணினா அதே புஷ் வருசக்கணக்குல வரும். அந்தத் தம்பி டிஸ்க்கைப் பத்திச் சொல்லச் சொல்ல எனக்கு இந்த புஷ்தான் ஞாபகம் வந்துச்சு. அதனாலதான் பத்தாவது படிச்ச எனக்கே சட்டுனு புரிஞ்சுது.

துரு மட்டும் இல்லை, இன்னும் ரெண்டு இருந்துச்சு. காலிப்பர் நகர்றதுக்கு ரெண்டு பின் இருக்கும். இடது பக்கம் ஒரு பின்னுக்கு மேல இருக்கற ரப்பர் உறை கிழிஞ்சு, தண்ணி இறங்கி, கிரீஸ் காய்ஞ்சு பின் இறுகிக் கிடந்துச்சு. பிரேக்கை விட்டாலும் பேடு முழுசா விலகாது. உள்பக்கத்துப் பேடு வெளிப்பக்கத்தைவிடப் பாதியாத் தேய்ஞ்சிருந்தது அதுக்குச் சாட்சி. ரெண்டாவது, வீல் நட்டு. பஞ்சர் கடையில ஏர் கன் வச்சு டர்ருனு ஒரு பக்கமா முடுக்கறாங்க இல்லீங்களா, அதுல ஒண்ணு அதிகமா இறுகியும் ஒண்ணு கம்மியாவும் இருக்கும். துரு மேல உட்கார்ந்த டிஸ்க்கை அது இன்னும் கோணலா இழுத்துப் புடிக்கும்.

வைத்தியம் ரொம்பச் சின்னது. ஹப்பு முகத்தை கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாள் போட்டு, வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் சுத்தம் பண்ணினான். டிஸ்க்கோட உள்பக்கமும் அதே மாதிரி. டிஸ்க் ஓரத்துல இதுக்குக் கீழே போகக்கூடாதுன்னு ஒரு கனம் பொறிச்சிருக்கும். அதுக்கு மேலதான் இருந்துச்சு, அதனால லேத்துல லேசா ஒரு வெட்டு எடுத்தாங்க. பின் ரெண்டும் புது ரப்பர் உறை போட்டு, சூடு தாங்கற சிலிக்கான் கிரீஸ் வச்சு, விரலால தள்ளினா நகர்ற மாதிரி பண்ணினான். டிஸ்க்கை மாட்டிட்டு கேஜ் வச்சுப் பார்த்தான், 0.06. கழட்டி ஒரு ஓட்டை தள்ளி மாட்டினான். 0.03. வலது பக்கம் 0.04. நட்டை நட்சத்திரம் போடற மாதிரி எதிர் எதிரா, டார்க் ரெஞ்ச் வச்சு ஒரே அளவுல முடுக்கினான். அந்த அளவு வண்டிப் புத்தகத்துல இருக்கும், காருக்கெல்லாம் பொதுவா 100 நியூட்டன் மீட்டர் வாக்குல வரும்னான். புதுப் பேடு, லேத்துக் கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். பாதி நாள் ஆச்சு.

போறப்ப ஒரு வேலை கொடுத்தான். காலையில ஆளில்லாத ரோட்டுல 50-ல போய், பிரேக்கை ஒரே சீராப் புடிச்சு 10-க்குக் குறைக்கணும், முழுசா நிறுத்தாம திரும்ப வேகம் எடுக்கணும், அப்படி இருபது தடவை. புதுப் பேடோட பொருள் டிஸ்க் மேல ஒரே மாதிரி பூசி வர்றதுக்காக. வாய்க்கால் ரோட்டுல அதைப் பண்ணிட்டிருந்தப்ப, பால் ஊத்திட்டு வந்த பங்காளி ஒருத்தர் நிறுத்தி, "ஏனுங்ணா, புதுசா வண்டி பழகறீங்களா?" அப்படின்னு கேட்டார். விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை, ஆமாங்கன்னுட்டேன்.

அது ஆனி மாசம். ஆவணியில பொண்ணைக் கூட்டிட்டு வந்தோம். மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டாவது கியர். ஊட்டுக்காரி முன்சீட்டுல உட்கார்ந்து என் காலையே பார்த்துட்டு வந்தா. பதினஞ்சாவது வளைவு தாண்டினதுக்கு அப்புறம் காலைப் பார்க்கறதை விட்டுட்டு பொண்ணுகூடப் பேச ஆரம்பிச்சா. ஐப்பசியில பேரன் பொறந்தான். இப்ப வண்டி ஆனியில இருந்து ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியாச்சு. அஞ்சாயிரத்துல அந்தத் தம்பியே கூப்பிட்டு திரும்ப கேஜ் வச்சுப் பார்த்தான். அதே 0.03.

இதுக்காகச் சூடே காரணம் இல்லைன்னு நான் சொல்ல வரல. என் மகன் பாலிடெக்னிக் படிச்சவன், ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். ரெண்டு டன் வண்டி 100 மீட்டர் உயரம் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினா, அந்தச் சூட்டுல ஆறு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாமாம். மலை இறங்கி வர்ற லாரிகள்கிட்ட கருகின வாசம் அடிக்கறது அந்தச் சூடுதான். அளவுக்கு மீறிச் சூடான டிஸ்க்குல நீலமாத் திட்டு விழும், வெடிப்பு வரும், நிசமாவே கோணிக்கவும் செய்யும். பேடு கொதிக்கக் கொதிக்க இருக்கறப்ப கீழ வந்து செக்போஸ்ட்டுல பிரேக்கை மிதிச்சபடியே நின்னா, பேடோட அச்சு டிஸ்க்குல ஒரு இடத்துல ஒட்டிக்கும். அதுவும் பின்னால நடுக்கம்தான். நான் மேட்டு வண்டியில பழகினவன், நின்னா ஹேண்ட் பிரேக்தான் போடுவேன், அது நல்லதாப் போச்சு. மலை இறங்கின கையோட வாட்டர் சர்வீஸ்ல விட்டு சூடான சக்கரத்துல பச்சைத் தண்ணி அடிக்கறதும் வேண்டாம்.

ஆனா சூடுதான்னு சொல்றதுக்கு முந்தி அளந்து பார்க்கணும் இல்லீங்களா. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது. கேஜ் இருக்கற ஒர்க்ஷாப்புதான் அது. டிஸ்க் மாத்தறது முக்கால் மணி நேர வேலை, சாமான்ல லாபமும் உண்டு. அளந்து, துரு எடுத்து, திரும்ப அளக்கறதுக்குப் பாதி நாள் ஆகுது, அதுக்குத் தனியா யாரும் கூலி கொடுக்கறதில்லை. பின்னால ஒரு நாள் அங்க போனப்ப அந்த அட்டையைக் காட்டினேன். "இதெல்லாம் இப்ப யாருங்க பார்க்கறாங்க, நேரம் எங்க இருக்கு" அப்படின்னார். அவர் சொன்னதுல பொய் இல்லை. காலையில இருந்து எட்டு வண்டி வரிசையில நிக்குது. ஆனா நேரமில்லைங்கறதை நேரமில்லைன்னு சொல்லணும். ஓட்டறவன் கால் மேல போடக்கூடாது. வெள்ளாமையிலயும் இதேதான் நடக்குது. பயிர் மஞ்சளடிச்சா மண்ணைப் பார்க்காம, வேரைப் புடுங்கிப் பார்க்காம, "தண்ணி அதிகமா விட்டுட்டீங்க"ன்னு சொல்லி ஒரு டப்பா மருந்தைக் கையில கொடுக்கறாங்க. கேட்கறவன் வேட்டி கட்டியிருந்தா குத்தம் அவன்கிட்ட இருக்கும்னு நினைக்கறது சுலபமா இருக்கு.

டவுன்ல இருக்கறவங்களுக்கு மலையும் இல்லை, வாய்க்கால் சேறும் இல்லை. ஆனா சென்னை மாதிரி கடற்கரை ஊர்ல உப்புக்காத்துல ஹப்பு துரு புடிக்கும். மழைத்தண்ணி தேங்கின ரோடு இருக்கு. ஏர் கன் வச்ச பஞ்சர் கடை தெருவுக்கு ஒண்ணு இருக்கு. நடுக்கம் வந்து டிஸ்க் மாத்தச் சொன்னா, இதை மட்டும் கேளுங்க:

டிஸ்க் ஆட்டத்தை வண்டியில வச்சு அளந்தீங்களா, எவ்வளவு வந்துச்சுன்னு கேளுங்க. நம்பரைச் சொல்லச் சொல்லுங்க.

புது டிஸ்க்கே போட்டாலும் ஹப்பு முகத்தைத் துரு எடுத்து, போட்டதுக்கு அப்புறம் திரும்ப அளந்து கொடுக்கச் சொல்லுங்க. பக்கத்துலயே நில்லுங்க.

கழட்டின பேடைப் பாருங்க. உள்ளயும் வெளியவும் தேய்மானம் ஒரே மாதிரி இல்லைன்னா காலிப்பர் பின்னைக் காட்டச் சொல்லுங்க.

சக்கரம் எங்க கழட்டினாலும் நட்டை எதிர் எதிரா, அளவா முடுக்கச் சொல்லுங்க. பஞ்சர் கடையில சொன்னா முறைப்பாங்க, பரவாயில்லை.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டுல சீக்கிரம் கொதிச்சு பெடல் உள்ள போயிடும். ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. மலைப்பக்கம் போறவங்க இதைத் தள்ளிப் போடாதீங்க.

அந்தத் தம்பி இப்ப செட்டுக்கு முன்னால சிமெண்ட் போட்டிருக்கான். போர்டு இன்னும் வைக்கல. எங்க ஊர்ல நாலு பேர் அவன்கிட்ட வண்டி விடறாங்க, ஒவ்வொருத்தருக்கும் அட்டையில அளவு எழுதிக் கொடுக்கறான். என் அட்டை வண்டிப் பெட்டியில ஆர்.சி. புத்தகத்தோட இருக்கு.

மஞ்சள் வெட்டு இந்த வாரத்துல முடிஞ்சுடும். வேக வைக்கறதைப் பத்தி அடுத்து எழுதறனுங்க.